வீட்டுக்கு ஓர் ஆள்

மீசை முளைப்பதற்குள் முனிரத்தினம் மூன்று வீடு மாறிவிட்டான். மூன்று முறையும் மாறச் சொன்னவர் வேறொருவர். நெமிலிக்குத் தெற்கே இருந்த அந்தச் சேரியில் குடிசைகள் எல்லாம் பண்ணைக்காரர் நிலத்தில்தான் நின்றன. ஏற்றம் இறைக்க வராதவன், கூலி பற்றவில்லை என்று முணுமுணுத்தவன், கும்பிடு போட மறந்தவன் என்று யார்மேல் வருத்தம் வந்தாலும் மறுநாள் காலை பண்ணை ஆட்கள் வந்து கூரையைப் பிரித்துவிடுவார்கள். அடிப்பதில்லை, திட்டுவதுகூட இல்லை. நிலம் எங்களுடையது, உன் ஓலையையும் கழியையும் எடுத்துக்கொண்டு போ என்பார்கள். அறுப்புக் காலத்தில் முனிரத்தினத்தின் அப்பா காய்ச்சலில் படுத்துவிட்ட வருஷம், அவர்கள் குடும்பம் ஏரிக்கரை மேட்டில் நாலு பனையோலைக்கு அடியில் மழைக்காலத்தைக் கழித்தது.

அதனால்தான், சீமையில் சண்டை நடந்துகொண்டிருந்த காலத்தில் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு ஆள் வேண்டும் என்று ஒருவன் வந்து சொன்னபோது, மற்றவர்கள் எல்லாம் கூலி என்ன என்று விசாரிக்க, முனிரத்தினம் மட்டும் வேறொன்று கேட்டான்.

"தங்கறதுக்கு எடம் குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க, குடுப்பாங்க. ஷாப்புல எடத்துக்கு இன்னா பஞ்சம்?" என்றான் வந்தவன்.

இடம் என்பது தோல் பதனிடும் பட்டை மூட்டைகளுக்கு நடுவில் ஒரு ஆள் கால் நீட்டும் அளவு. ஆவாரம்பட்டைத் தூள் மூக்கில் ஏறி விடிய விடியத் தும்மல். வேலையோ சுண்ணாம்புக் குழியில். மயிர் கழல்வதற்காகப் பச்சைத்தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டிருப்பார்கள். குழிக்குள் இறங்கி அதைத் திருப்பிப் போட வேண்டும். ஊறியதை இழுத்து மேலே எறிய வேண்டும். முதல் வாரத்திலேயே விரல் இடுக்குகள் வெந்து தோல் உரிந்தது. விளக்கெண்ணெய் தடவிக்கொள் என்றார்கள். தடவிக்கொண்டு மறுபடியும் இறங்கினான். ஊருக்குள் வாடகைக்கு ஒரு கொட்டகையாவது கிடைக்குமா என்று சுற்றிப் பார்த்தான். தோல் வேலைக்காரன் என்பதை அவன் வாய் திறப்பதற்கு முன்பே மூக்கால் தெரிந்துகொண்டு இல்லை என்றார்கள். இடம் உண்டு என்ற ஓரிரு பேர் கேட்ட வாடகையில் பாதி மாதக் கூலி போய்விடும்.

பேரணாம்பட்டுச் சாலையில் ஒரு கிராமத்திலிருந்து ரங்கம்மாளைக் கட்டிக்கொண்டு வந்ததும் இந்த நிலையில்தான். அவள் சிறு வயதில் ஷாப்பின் மயிர்க்கொட்டகையில் வேலை செய்தவள். தோலிலிருந்து வழித்த ஆட்டு மயிரை அலசிக் காயவைத்துப் பிரித்து எடுக்கும் கொட்டகை அது. தூசு நெஞ்சில் இறங்கி ஒரு வருஷம் இருமிக் கிடந்து பிழைத்தவள். கல்யாணத்துக்கு முன்பே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "கஞ்சி கம்மியா குடிச்சாலும் குடிப்பேன். அந்தக் கொட்டாயில மட்டும் மறுபடி கால வெக்க மாட்டேன்." அவள் கூடையில் கத்தரிக்காயும் கீரையும் வைத்துத் தெருத்தெருவாக விற்றாள். குரல் நல்ல குரல். இரண்டு தெரு தள்ளிக் கேட்கும்.

ஊரையே வாரிக்கொண்டு போன விஷக்காய்ச்சல் வந்து, ஷாப்பு ஆட்களில் பாதிப் பேர் செத்தும் ஓடியும் போனார்கள். அப்போதுதான் பெரிய சாயபு, ஷாப்பு முதலாளி அப்துல் ஹமீத், ஆட்களை நிறுத்திவைக்க வேண்டுமானால் அவர்களுக்குக் கூரை வேண்டும் என்று முடிவு கட்டினார். பாலாற்றை ஒட்டிக் கிடந்த சர்க்கார் புறம்போக்கைக் கேட்டார். சர்க்காரும் வேலைக்காரர் குடியிருப்புக்கு என்று சொல்லி ஒப்புக்குக் கொஞ்சம் வாங்கிக்கொண்டு கொடுத்தது. சங்கிலி பிடித்து நிலம் அளந்த அன்று ஷாப்பு ஆட்கள் எல்லாம் வேடிக்கை பார்க்க நின்றார்கள். எல்லார் காதிலும் விழும்படி பெரிய சாயபு சொன்னார்: "இது ஒங்களுக்குன்னு வாங்குன எடம். இதுல நான் லாபம் பாக்க மாட்டேன்." செங்கல் சுவர், நாட்டு ஓடு, வரிசையாக இருபது வீடு, நடுவில் ஒரு கிணறு. லைன் வீடுகள் என்று அதற்குப் பேராயிற்று. வாடகை வெளியே ஓலைக் குடிசைக்குக் கேட்பதில் கால் பங்குதான். ஒரே ஒரு நிபந்தனை. வீட்டுக்கு ஓர் ஆள் அவர் ஷாப்பில் வேலை செய்ய வேண்டும்.

முனிரத்தினத்துக்கு ஏழாவது வீடு கிடைத்தது. உள்ளே நுழைந்ததும் ரங்கம்மாள் கூடையை மாட்ட ஆணி அடிக்கப் போனாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"யார்னா ஒருத்தர கேட்டுட்டு அடி."

"யார கேக்கறது?" என்றாள் அவள். அவனுக்குத் தெரியவில்லை. அவள் அடித்தாள். ஒருவரும் வரவில்லை. அன்று முழுக்க அவன் அந்த ஆணியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தான் என்று பிற்பாடு அவள் மகள் மீனாம்பாளிடம் சொல்லுவாள்.

வீட்டுக்கு ஓர் ஆள் என்றதை அவன் அப்போது பெரிதாக நினைக்கவில்லை. ஷாப்பில் வேலை செய்கிறோம், வீடு கொடுக்கிறார்கள், இதில் என்ன இருக்கிறது? அது என்னவென்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் புரிந்தது. மூன்றாவது வீட்டுக்காரன் பேரணாம்பட்டில் வேறொரு ஷாப்பில் கூலி ஜாஸ்தி என்று போனான். போன அன்றே சாயங்காலம் அவன் பெண்டாட்டியும் குழந்தைகளும் சட்டி பானையோடு கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார்கள். குழியில் வழுக்கி இடுப்பு ஒடிந்த ஒருவன், நடக்க முடியாத இடுப்போடு மறுபடியும் வேலைக்கு வந்தான். கேட்டால், வீடு போய்விடும் என்றான். கூலி போதவில்லை என்று வாய் திறக்க நினைக்கும் எவனுக்கும், திறப்பதற்கு முன்பு கூரை ஞாபகம் வந்தது. ஷாப்பின் ரைட்டர் அருணகிரி இதை நன்றாக அறிந்தவர். ஆள் சேர்ப்பதும் நிறுத்துவதும் அவர் கையில். யாராவது முகம் சுளித்தால், "வூடு எப்பிடி இருக்குது? ஒழுகுதா?" என்று அன்பாக விசாரிப்பார். அதற்குமேல் அவர் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

நான்காவது வீட்டில் அஃப்ஸர் ஜஹான் இருந்தாள். அவள் புருஷன் பட்டை இடிக்கும் கொட்டகையில் சுவர் சரிந்து செத்துப்போனான். ஓர் ஆளும் ஷாப்பில் இல்லாத வீடு அது ஒன்றுதான். பெரிய சாயபு, அந்தம்மாவை யாரும் ஒன்றும் கேட்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். அவள் வாசலில் கோணிப்படுதா தொங்கவிட்டு, உள்ளே உட்கார்ந்து பீடி சுற்றி ஒரே மகளை வளர்த்தாள். ஆண்கள் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. ரங்கம்மாள் மட்டும் கீரைக்கூடையை இறக்கிவைக்கும் சாக்கில் படுதாவுக்குள் போய், மணிக்கணக்காகப் பேசிவிட்டு வருவாள்.

பெரிய சாயபு இறந்து, மதராசில் படித்த மகன் மக்பூல் அகமது முதலாளி ஆனபோது தோல் வியாபாரம் படுத்துக் கிடந்தது. சீமைக்குப் போன சரக்கு விலை போகவில்லை. மதராசு தரகர்கள் கழுத்தில் துண்டு போட்டு இறுக்கினார்கள். ஆற்றை ஒட்டிய லைன் வீட்டு இடத்தைக் கிடங்கு கட்ட ஒரு மதராசு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டால் மூச்சு விடலாம் என்று அவருக்கு யாரோ யோசனை சொன்னார்கள். அருணகிரி வந்து கிணற்றடியில் நின்று அறிவித்தார்: இந்த மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும், இருக்கிறேன் என்கிறவர்கள் வெளி வாடகை கொடுக்க வேண்டும். வெளி வாடகை கொடுக்க முடிகிறவன் எவன் அங்கே இருந்தான்?

ஆரோக்கியசாமி பதினோராவது வீட்டுக்காரன். கோலார் தங்கச் சுரங்கத்தில் சில வருஷம் இருந்து வந்தவன். அங்கே ஆட்கள் கூட்டம் போட்டு நின்றதைப் பார்த்தவன். ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் பூசை முடிந்து வந்ததும், வெள்ளை வேட்டியோடு கிணற்று மேடையில் ஏறி உட்கார்ந்தான்.

"இது சர்க்கார் வேலக்காரங்களுக்குன்னு குடுத்த எடம். சங்கிலி போட்டு அளந்தப்ப நாம எல்லாருந்தான் நின்னோம். நாம உள்ள இருக்கற வரைக்கும் இது வேலக்காரங்க எடம். எறங்கி வெளிய போய்ட்டோம்னா வெறும் எடம். வெறும் எடத்த யாருக்கு வேணும்னாலும் வித்துடலாம். அதனால ஒருத்தரும் எறங்கக் கூடாது. பழைய வாடகைய எல்லாரும் ஒண்ணா கொண்டுபோய் நீட்டுவோம்."

"வாங்கலேன்னா?" என்று ஒருவன் கேட்டான்.

"வாங்கலேன்னா சேத்து வெப்போம். நாங்க குடுக்கல்லேன்னு நாளைக்கு எவனும் சொல்லக் கூடாது."

"யார்கிட்ட வெக்கிறது? அருணகிரி ஆளுங்க வந்து பிடுங்கிட்டா?"

அப்போது படுதாவுக்குப் பின்னாலிருந்து அஃப்ஸர் ஜஹானின் குரல் வந்தது. "என்கிட்ட வைங்க. இந்தப் படுதாவ தூக்கிட்டு எந்த ஆம்பள உள்ள வர்றான்னு பாக்கறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அந்த லைன் அப்படி ஒன்றாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை. நீட்டிய வாடகையை அருணகிரி வாங்கவில்லை. அன்று முதல் ரங்கம்மாள் வீடு வீடாகப் போய் வாடகையை வாங்கி, அந்தம்மாவின் தகரப் பெட்டியில் கொண்டுபோய்ப் போட்டாள். கீரை விற்ற குரல் இப்போது கூட்டத்துக்கு ஆள் கூப்பிட உதவியது. அந்தக் கூட்டத்துக்குச் சங்கம் என்று பேர் வந்தது. வேலூருக்குப் போய்க் கலெக்டரைப் பார்க்க நாலு பேரைப் பொறுக்கினார்கள். அவர்கள் போனார்கள், வெளியே மரத்தடியில் நின்றார்கள், கச்சேரியில் மனுவை வாங்கிக்கொண்டார்கள் என்று திரும்பி வந்து சொன்னார்கள். பதில் வந்தபாடில்லை.

முனிரத்தினம் கூட்டங்களுக்குப் போனான். ஓரத்தில் உட்கார்ந்தான். எதிர்த்தவன் கூரை பிரிவதைச் சிறு வயதிலிருந்தே பார்த்தவன் அவன். ரங்கம்மாள் கிணற்றடியில் குரலை உயர்த்தும்போதெல்லாம் அவன் திரும்பி ஏழாம் வீட்டு ஓட்டைப் பார்த்தான்.

மாதக் கடைசி தாண்டியது. ஒரு காலையில் அருணகிரி அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நாலாம் நம்பர் வூட்ல ஷாப்பு ஆளே கெடையாது. அதனால அவங்களுக்கு அங்க பாத்தியதயும் கெடையாது. இன்னிக்கு அந்த வூட்டு ஓட்ட எறக்கிடணும். ஒரு வூடு எறங்குனா மத்தவங்க தானா எறங்குவாங்க. நீதான் ஏறணும்."

"நானா, ஐயா?"

"நீ ஏறுனா மத்தவன் வாயத் தொறக்க மாட்டான். ஒன் பொஞ்சாதிதான அங்க பெரிய தலைவி! ஏறுனா ஒனக்கு மேஸ்திரி வேல. இங்க கிடங்கு வந்தாலும் ஒனக்கு ஒரு வூடு, அது என் பொறுப்பு. ஏறலேன்னா இன்னியோட வேல இல்ல. வேல இல்லேன்னா வூடு இல்ல. சங்கம் ஒனக்கு வூடு கட்டித் தருமா? யோசிச்சிக்க."

யோசிக்க அவர் நேரம் கொடுக்கவில்லை. ஏணி தயாராகச் சுவரில் சாய்ந்திருந்தது. வேலை போனால் ஏழாம் வீடு போகும், அதில் சங்கமும் ஒன்றும் செய்ய முடியாது, ஏனென்றால் நிபந்தனையே அதுதான். ஏறினால் ரங்கம்மாள் போவாள். இரண்டில் ஒன்றைப் பிடித்து யோசிப்பதற்குள் கால் ஏணியில் இருந்தது. கால் எப்படி ஏறியது என்று கடைசிவரை அவனுக்கு விளங்கவில்லை. குழியில் இறங்கு என்றால் இறங்கிப் பழகிய கால்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அருணகிரி கீழே குடையோடு நின்றார். அவன் முகட்டிலிருந்து ஓடுகளை எடுத்து ஒவ்வொன்றாகக் கீழே நின்ற ஆளிடம் கொடுத்தான். ஒரு வரிசை போயிற்று. இரண்டாவது வரிசையில் ஓர் ஓட்டை எடுத்ததும் வெளிச்சம் உள்ளே விழுந்தது. வீட்டுக்குள் தலையோடு முக்காடு இழுத்துவிட்ட ஓர் உருவம் மடியில் முறத்தோடு உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ரங்கம்மாள். வெளிச்சம் அவள் முகத்தில் விழ, கண்ணைச் சுருக்கிக்கொண்டு மேலே பார்த்தாள். மேலே இருப்பது யார் என்று தெரிய அவளுக்குச் சற்று நேரம் ஆயிற்று.

"நீயா?" என்றாள்.

அவன் கை அடுத்த ஓட்டுக்குப் போனது. அப்போது முக்காட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அண்ணே, பாத்து. அந்த மூலையில கழி உளுத்துப்போயி இருக்குது. அங்க கால வெச்சுடாதீங்க."

முனிரத்தினத்தின் கை ஓட்டின் மேலேயே நின்றுவிட்டது. எடுக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. அவன் மெல்லப் பின்வாங்கி முகட்டின் மேல் உட்கார்ந்தான். இரண்டு காலும் இரண்டு பக்கம் தொங்க, மாட்டின்மேல் உட்கார்ந்தவன் போல உட்கார்ந்துவிட்டான்.

"இன்னாடா ஒக்காந்துட்ட? எடுடா!" என்றார் அருணகிரி.

அவன் எடுக்கவில்லை.

"அப்ப எறங்குடா கீழ!"

இறங்கவும் இல்லை. கீழே இறங்கினால் வேலை போனவனாக இறங்க வேண்டும்; ரங்கம்மாளின் எதிரில் நிற்க வேண்டும். மேலே இருந்தால் ஓட்டை எடுக்க வேண்டும். முகட்டில் மட்டும்தான் இரண்டும் இல்லை. ஓடு தொடையைச் சுட்டது. தலைத்துண்டு எங்கேயோ விழுந்துவிட்டது. வேறு ஆளை ஏற்ற அருணகிரி முயன்றார். அவன் நடுவில் உட்கார்ந்திருக்க எவனும் ஏற மாட்டேன் என்றான்.

பகல் சோற்றுக்கு மணி அடித்ததும் ஷாப்பு ஆட்கள் லைனுக்கு வந்தார்கள். கூரை மேல் ஒருவன் வெயிலில் வதங்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்கள். ஓட்டை எடுக்க ஏறினவன் எடுக்காமல் உட்கார்ந்துவிட்டான் என்று ஒருவனுக்கொருவன் சொல்லிக்கொண்டார்கள். சொல்லச் சொல்ல அது வளர்ந்தது. முனிரத்தினம் கூரையைக் காவல் காக்கிறான் என்று ஆகிவிட்டது. மறுபடியும் மணி அடித்தபோது ஆரோக்கியசாமி கிணற்று மேடையில் நின்று, "அவன் எறங்கற வரைக்கும் நாம எதுக்குப் போவணும்?" என்றான். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

அன்று காலைதான் பேரணாம்பட்டிலிருந்து வண்டி வண்டியாகப் பச்சை ஆட்டுத்தோல் வந்து இறங்கியிருந்தது. அன்றே அலசி ஊறப்போடவில்லை என்றால் குவியல் சூடேறி அழுகிவிடும். சித்திரை வெயில். சாயங்காலம் ஆவதற்குள் நாற்றம் லைன் வரைக்கும் வந்தது. அந்த நாற்றம்தான் மக்பூல் அகமதுவைக் கூட்டிக்கொண்டு வந்தது என்று சொல்ல வேண்டும். ஜட்காவிலிருந்து இறங்கியவர் முகத்தில் கோபத்தைவிடக் களைப்புதான் அதிகம் தெரிந்தது.

"ஒங்களுக்கு வூடு போவுது. எனக்கு ஷாப்பே போவுது, தெரியுமா?" என்றார். "சரி. லைன் இருக்கட்டும். பழைய வாடகையே இருக்கட்டும். எங்க அத்தா சொன்ன சொல்ல நான் தாண்டல. ஆனா அவர் வெச்ச கண்டிஷனையும் நான் விட மாட்டேன். வூட்டுக்கு ஒரு ஆள் என் ஷாப்புல இருக்கணும். வேற ஷாப்புக்கு ஒருத்தனும் போவக் கூடாது. ஆள் இல்லாத வூடு அன்னிக்கே காலி. அதுல ஆம்பள பொம்பள, விதவன்னு பாக்க மாட்டேன். அப்புறம், இவன் இங்க இருக்கக் கூடாது." கை ஆரோக்கியசாமியைக் காட்டியது.

கூட்டம் ஆரோக்கியசாமியைப் பார்த்தது. பிறகு தரையைப் பார்த்தது. அவனும் இருக்கட்டும் என்று ஒரு வாய் சொல்லவில்லை. ஆரோக்கியசாமி கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு, "சரி, நான் கோலாருக்கே போறேன். லைன் நிக்கட்டும்" என்றான்.

"நாலாம் நம்பருக்கு யார் ஆள்?" என்றார் அருணகிரி.

படுதா அசையவில்லை.

"அந்த வூட்டுக்கு நான் ஆளு."

எல்லாரும் கூரையை நிமிர்ந்து பார்த்தார்கள். பகலெல்லாம் ஒரு வார்த்தை பேசாதவனின் குரல் கரகரத்துப்போயிருந்தது. வெட்கம்தான் அவனைப் பேசவைத்தது. தான் எடுத்த இரண்டு வரிசை ஓடு கீழே அடுக்கியிருந்ததை அவன் அவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"நீ ஏழாம் நம்பர் ஆளு. ஒருத்தன் ரெண்டு வூட்டுக்கு ஆளா இருக்க முடியாது. ஒன் வூட்டுக்கு யாரு?" என்றார் அருணகிரி.

முனிரத்தினம் அதை யோசித்திருக்கவே இல்லை. படுதாவைத் தள்ளிக்கொண்டு ரங்கம்மாள் வெளியே வந்தாள். புருஷனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அதுக்கு நான் இருக்கறேன். மயிர்க்கொட்டாயில வேல தெரியும்" என்றாள்.

அப்படித்தான் லைன் பிழைத்தது. அன்றே ஆட்கள் ஷாப்புக்கு ஓடித் தோலை அலசினார்கள். ஊர் முழுக்க முனிரத்தினத்தின் பேர். கூரை மேல் உட்கார்ந்தே முதலாளியை வரவழைத்தவன் என்று டீக்கடையில் பேசினார்கள். அவன் அந்தக் கடைப்பக்கம் போவதை விட்டுவிட்டான். அவன் ஏன் ஏறினான் என்று ஊருக்குத் தெரியாது. ரங்கம்மாளுக்குத் தெரியும். அதைப் பற்றி அவள் வாய்விட்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது. மறுநாள் காலை அவன் எடுத்த ஓடுகளை அவனே திரும்ப வேய்ந்தான். உளுத்த கழியையும் மாற்றினான்.

ரங்கம்மாள் மயிர்க்கொட்டகைக்குப் போகத் தொடங்கினாள். ஆறு மாதத்தில் இருமல் திரும்பி வந்தது. கீரைக் குரல் போனது. ஷாப்பில் பேர் கூப்பிடும்போது, "நாலாம் நம்பர் முனிரத்தினம்", "ஏழாம் நம்பர் ரங்கம்மா" என்று கூப்பிடுவார்கள். ஆரம்பத்தில் அதைச் சொல்லிச் சிலர் இளித்தார்கள். அஃப்ஸர் ஜஹானின் சொந்தக்காரர்கள் பேரணாம்பட்டிலிருந்து வந்து, வேற்றாள் பேரில் வீடு நிற்பது நமக்கு அசிங்கம் என்று சண்டை போட்டார்கள். "அப்ப நீங்க யார்னா வந்து குழியில எறங்குங்க" என்றாள் அவள். அதோடு அவர்கள் வருவது நின்றது. பெருநாளுக்கு அவள் வீட்டிலிருந்து முதல் தட்டு ஏழாம் வீட்டுக்கு வந்தது.

முனிரத்தினத்தின் கை போய்க்கொண்டிருந்தது. சுண்ணாம்பு தின்ற விரல்கள் மடங்கவில்லை. சோற்றைப் பிசைய முடியாமல் உள்ளங்கையால் அள்ளிச் சாப்பிட்டான். மகள் மீனாம்பாளைக் குடியாத்தத்தில் கட்டிக்கொடுத்த பிறகு ஒரு நாள், தம்பி காசி நெமிலியிலிருந்து தேடி வந்தான். சர்க்காரில் சேரிக்காரர்களுக்கு என்று நிலம் வாங்கி மனை பிரித்துக் கொடுக்கிறார்கள், பண்ணைக்காரருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, அண்ணன் பேருக்கும் ஒன்று எழுதச் சொல்லிவிட்டேன் என்றான்.

முனிரத்தினம் ரயிலில் அரக்கோணம் போய், அங்கிருந்து காசியோடு நடந்தான். மேட்டு நிலம். முள்ளை வெட்டி நாலு மூலைக்கும் கல் நட்டிருந்தார்கள். காசி ஒரு கல்லின் மேல் காலை வைத்துக்கொண்டு, "இது ஒன்னுது. எவனும் வந்து எந்திரின்னு சொல்ல முடியாது. ஆனா தை பொறக்கறதுக்குள்ள குடிச போட்டு வந்து ஒக்காந்துடணும். இல்லேன்னா அடுத்தவனுக்குப் போய்டும்" என்றான். முனிரத்தினம் நாலு மூலையையும் சுற்றி நடந்தான். நடுவில் போய்க் குந்தி உட்கார்ந்தான். மண்ணைக் கிளறப் பார்த்தான், விரல் மடங்கவில்லை. காசி கூப்பிடும்வரை எழுந்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது ரங்கம்மாள் அடுப்பை விட்டு எழுந்துவிட்டாள். பல வருஷமாக அவன் பார்க்காத முகம்.

"போய்டலாம்யா. நாளைக்கே போய்டலாம். எனக்கு அந்தக் கொட்டாய் வேணாம்."

"அந்தம்மா?"

அவள் முகம் மாறியது. "நீ ரெண்டு வரிச ஓடு எறக்குன. அதுக்கு எத்தினி வருசம் கடன் கட்டுவ?"

அவன் அடுப்பில் ஒரு சுள்ளியைத் தள்ளினான்.

"என்னிய யோசிச்சியா? நீ வாய விட்ட, நான் கொட்டாய்க்குப் போனேன். ஒருநாள்னா கேட்டியா, நெஞ்சு எப்பிடி இருக்குதுன்னு?"

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. செய்தி எப்படியோ நாலாம் வீட்டுக்கும் போயிருந்தது. மறுநாள் படுதாவுக்குப் பின்னாலிருந்து அஃப்ஸர் ஜஹான் கூப்பிட்டாள். "போங்க அண்ணே. நான் பேரணாம்பட்டுல எங்க அண்ணன் வூட்டுக்குப் போய்க்கறேன்." அந்த அண்ணன் வீட்டில் அவளுக்கு ஒரு மூலைகூடக் கிடையாது என்பது லைனுக்கே தெரியும். சரிம்மா என்று சொல்லிவிட்டு முனிரத்தினம் ஷாப்புக்குப் போனான். குழியில் இறங்கினான். அடுத்த நாளும் இறங்கினான். தை பிறந்தது. மனை வேறொருவனுக்குப் போய்விட்டதாகக் காசி சொல்லியனுப்பினான். ரங்கம்மாள் அந்தப் பொங்கலுக்கு அடுப்பு மூட்டவில்லை. மகள் வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வந்தாள். திரும்பி வராமல் அவளாலும் முடியாது. ஏழாம் வீட்டுக்கு அவள்தானே ஆள்.

மூன்று வருஷம் கழித்து அஃப்ஸர் ஜஹானின் மகளுக்கு நிக்காஹ் ஆயிற்று. மாப்பிள்ளை நயீம் அகமது ஷாப்பிலேயே வேலைக்குச் சேர்ந்து, மாமியார் வீட்டோடு வந்துவிட்டான். அருணகிரிக்கு அப்போது தலை நரைத்திருந்தது. முனிரத்தினத்தைக் கூப்பிட்டு, அவன் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"நாலாம் நம்பருக்கு ஆள் வந்துட்டான். ஏழாம் நம்பருக்கு ஒன் பொஞ்சாதி இருக்குது. இந்தக் கையில இனிமே இன்னா வேல செய்யப் போற? வூட்ல இரு."

அவ்வளவுதான். இருபது வருஷத்துக்கு மேல் இறங்கிய குழியிலிருந்து அன்று ஏறியவன் மறுபடி இறங்கவில்லை. விடுதலை என்று நினைத்துத்தான் வீட்டுக்கு வந்தான். வாசலில் உட்கார்ந்து என்ன செய்வது என்று தெரியாமல் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து அடுப்பு மூட்டக் கற்றுக்கொண்டான். மடங்காத விரலால் அரிசி களைவது லேசில்லை. பாதி கிணற்றடியில் கொட்டும். பெண்கள் சிரித்துக்கொண்டே அள்ளிக்கொடுப்பார்கள். ஊரில் மற்ற ஷாப்புகளின் குடிசைகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஆற்றங்கரை லைன் மட்டும் பழைய வாடகையில் நின்றது. கொடுத்துவைத்தவர்கள் என்று வெளியே சொன்னார்கள்.

ரங்கம்மாள் பொழுது சாய வருவாள். தலையிலும் புருவத்திலும் மயிர்த்தூசு அப்பியிருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு இருமி முடித்துவிட்டுத்தான் உட்காருவாள். ஒரு சாயங்காலம் அவன் சொம்பில் வெந்நீரும் ஈரத்துணியுமாக வந்து பக்கத்தில் குந்தினான்.

"நெஞ்சு எப்பிடி இருக்குது?" என்றான்.

அவள் ஈரத்துணியை வாங்கிப் புருவத்தைத் துடைத்தாள். "இப்ப கேக்கற" என்றாள். பிறகு, "நாளைக்கு வேலைய விட்டு நின்னுடட்டுமா?" என்று கேட்டாள்.

அவன் வீட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவள் சொம்பை வாங்கி இரண்டு வாய் குடித்தாள். "கஞ்சி ஊத்து. காலையில வெரசா எந்திரிக்கணும்" என்றாள்.